பையர் தொட்டுப் பார்த்த பனியன்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையில் பேரைக் கிறுக்கத்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். சந்தேகம் வந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றை எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கணியூர்ப் படிப்பகம் வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறது. போன மலரில், சிங்கப்பூர் போய்வந்த ஒருவர் பயணக் கட்டுரை எழுதியிருந்தார். பாதிக் கட்டுரை அந்த ஊர்க் கக்கூஸ் எவ்வளவு சுத்தம் என்பது. மீதி அவர் மகனுடைய வேலை எவ்வளவு பெரிது என்பது. அது ஊரில் நல்ல பேர் வாங்கிவிட்டதால், படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிவா இந்த வருடம் என்னிடம் வந்தான்.

"மாமா, நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க. வெளிநாடு போனதப் பத்தி."

"நான் எங்க கண்ணு வெளிநாடு போனேன்? திருப்பூருக்குத்தானே போயிட்டு வந்தேன்."

"நாலு நாள் இருந்தீங்கல்ல? அப்ப அது வெளிநாடுதானுங்க. எழுதுங்க."

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் தப்பில்லை. பாதிப் பேர் பேசுவது நமக்குப் புரியாது. நாம் பேசுவதைக் கேட்க மீதிப் பேருக்கு நேரம் கிடையாது. தண்ணீரை லாரிக்காரரிடம் வாங்க வேண்டும். வெளிநாட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாங்கள் பெருஞ்சலங்கை ஆட்டக் குழு. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பெரிய மணிகளைச் சரமாகக் கட்டிக்கொண்டு, ஜமாப் மேளத்துக்கு வட்டமாக நின்று ஆடுவது. ஒன்பது பேர் நாங்கள். மேளத்துக்குத் தலைமை என் மனைவியின் அண்ணன் செல்லமுத்து. ஆட்டத்தில் முன்னால் நிற்பவன் நான். முன்னால் நிற்பவன் என்றதும் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. காலில் மணி ஏறினால் மட்டும் கூச்சம் விடும். அதுவும் முழுதாக விடாது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் சுற்றி நின்று பார்ப்பவர்கள் எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். என் அப்பன் யார், நான் யார் தோப்பில் தண்ணீர் கட்டுகிறேன், பெண் பார்க்கப் போன இடத்தில் நான் எப்படி உளறினேன், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆகவே இருபது வருடமாகத் தலையைக் குனிந்துகொண்டே ஆடிவருகிறேன். பார்க்கிறவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. என்னை யாரென்றே தெரியாத ஊரில், ஒரே ஒரு தடவை, நிமிர்ந்து ஆட வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செல்லமுத்துவிடம் சொன்னால் மறுநாள் டீக்கடையில் நியூஸ் ஆகிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊர்க் கோயில் நோம்பிக்குத் திருப்பூரிலிருந்து சபாபதி என்று ஒருவர் வந்தார். பெரிய பனியன் கம்பெனிக்காரர். கலை ஆர்வலர் என்று அவரே சொன்னார். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் நடத்தப்போகும் கலைத் திருவிழாவுக்கு எங்களை அழைத்தார். வெளிநாட்டிலிருந்து அவருடைய பையர் வருகிறாராம். பையர் என்றால் பனியன் ஆர்டர் கொடுப்பவர். திருப்பூரில் கடவுளுக்கு அடுத்த இடம், ஆர்டர் பெரிதானால் முந்தின இடம். அந்தப் பையரின் சொந்த ஊரில் கோடைக்காலத்தில் தெருத் தெருவாகக் கலை விழா நடக்குமாம். இங்கே அவர் கைகாட்டும் குழு அங்கே போகுமாம்.

"பாஸ்போர்ட் மட்டும் ரெடியா வெச்சுக்கங்க" என்றார் சபாபதி.

செல்லமுத்து பாஸ்போர்ட்டோடு நிற்கவில்லை. உடுமலைக்குப் போய்க் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாயும் வாங்கிவந்துவிட்டார். ஐப்பசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் மேட்டில் நடந்து பழகினார்.

*

வெள்ளிக்கிழமை திருப்பூரில் இறங்கினோம். தங்குவதற்கு ஏற்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, துணிக்கு. அது துணி குடோன். உருளை உருளையாகத் துணி அடுக்கியிருந்தார்கள். உருளைகளுக்குக் கீழே மரப்பலகை போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஈரம் படாமல், எலி கடிக்காமல் வைத்திருந்தார்கள். எங்களுக்குச் சிமெண்டுத் தரை.

"அந்த உருளை மேல சாஞ்சுக்கலாமுங்களா?" என்று செல்லமுத்து வாட்ச்மேனிடம் கேட்டார்.

"அய்யோ, அது எக்ஸ்போர்ட்டுங்க" என்றார் வாட்ச்மேன்.

"நாங்களும் எக்ஸ்போர்ட்டுதானுங்க, சித்திரைக்கு மேல" என்றார் செல்லமுத்து. வாட்ச்மேன் எங்கள் ஒன்பது பேரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்கள் தையல் சரியில்லை என்று நினைத்திருப்பார் போல. 

சாப்பாடு கம்பெனி கேன்டீனில். சங்கு ஊதியதும் எழுநூறு எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் தட்டு எடுத்து, நாங்கள் சோற்றில் குழி பறிப்பதற்குள் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு உருண்டைக்கும் அடுத்த உருண்டைக்கும் நடுவில் ஒரு ஊர்க்கதை பேசுவோம். இங்கே கதை பேசினால் ரசம் போய்விடும். எங்களுக்கு ரசம் போய்விட்டது.

*

சனிக்கிழமை கலை ஊர்வலம். ஒரு டெம்போவில் எங்களை ஏற்றி, இரண்டு பக்கமும் பேனர் கட்டி, சுற்றுவட்டாரத்தில் மேளம் அடித்துக்கொண்டே போக வேண்டும். குன்னத்தூர் வரை ஒரு வண்டி, அவிநாசிபாளையம் வரை ஒரு வண்டி. எங்களுக்கு அவிநாசிபாளையம்.

பேனரில் 'கிராமியக் கலையை மக்களிடம் கொண்டு செல்வோம்' என்று போட்டிருந்தது. கொண்டுதான் சென்றார்கள். அவிநாசிபாளையத்தை எட்டிய இடத்தில் டிரைவருக்குப் போன் வந்தது. சாயம் போட்ட துணி ரெடியாகிவிட்டதாம், உடனே எடுத்து வந்து வெட்டினால்தான் கப்பலைப் பிடிக்க முடியுமாம். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா சாமி? துணி எடுத்துட்டு வந்து கூட்டீட்டுப் போறனுங்க."

"எப்பங்க வருவீங்க?"

"துணி ஏறுனா எடம் இருக்காதுங்க. அதனால எறக்கிப்போட்டுட்டு அப்பறமாத்தான்."

எங்களையும் மேளங்களையும் மணிகளையும் புளியமரத்தடியில் இறக்கிவிட்டு, கலையை மக்களிடம் கொண்டு செல்லும் பேனரோடு வண்டி சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. நாங்கள் அங்கேயே மக்களோடு இருந்தோம். மக்கள் என்றால் ஒரு டீக்கடைக்காரர், இரண்டு ஆடு. டீக்கடைக்காரர் எங்களைக் கல்யாணத்துக்குப் போகிற ஜமாப் செட் என்று நினைத்துக்கொண்டு, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று விசாரித்தார். கலை விழா என்றதும் ஆர்வம் போய்விட்டது. விழாவில் சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டார்.

வண்டி வரவேயில்லை. திரும்ப டவுன் பஸ்ஸில் வந்தோம். பெரிய மேளத்தை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் ஒரு பக்கம், அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று செல்லமுத்து ஒரு பக்கம். கடைசியில் மேளத்துக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்கள். டிக்கெட் எடுத்ததால் அதற்கு ஒரு சீட் கிடைத்தது. செல்லமுத்து நின்றுகொண்டு வந்தார்.

வழியில் நொய்யல் பாலம் வந்தது. தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. எங்கள் அமராவதியில் தண்ணீர் தண்ணீர் நிறத்திலேயே ஓடிப் பழகியதால் நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "போன வாரம் பச்சைங்க. ஆர்டரு மாறிருச்சாட்ட இருக்குது" என்றார். அந்த ஊரில் பருவம் மாறுவதை அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சாயங்காலம் ஒரு கருத்தரங்கம். தலைப்பு: 'கிராமியக் கலைஞர்களுக்கான வாய்ப்புகள்.' ஏசி ஹால். அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் நாற்காலி. எங்களிடம் அழைப்பிதழ் இல்லை. நாங்கள் வெறும் கலைஞர்கள். ஆகவே கதவுக்கு வெளியே, டீ கேனுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் வாய்ப்புகளைக் கேட்டோம். கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஒரு துண்டு வாய்ப்பு குளிர்காற்றோடு வெளியே வரும்.

ஒருவர், கலைஞர்கள் காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்றார். இன்னொருவர், ஆட்டத்தை ஐந்து நிமிடமாகச் சுருக்கினால் உலகச் சந்தையில் நல்ல மூவிங் இருக்கும் என்றார். மூன்றாமவர் நல்ல மனிதர் போலிருந்தது. பகலில் பனியன் கம்பெனி செக்கிங் செக்சனில் வேலை, சாயங்காலம் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் கலைஞர்கள் வறுமையில் வாட மாட்டார்கள் என்றார். கைதட்டல் வெளியே வரை கேட்டது.

"மாப்ள, ஆளுக்குத்தான் சான்ஸ் தர்றாங்க. ஆட்டத்துக்கு இல்லீங்க" என்றார் செல்லமுத்து.

எங்கள் ஆட்டத்தில் முதல் அரைமணி நேரம் வெறும் நடைதான். மேளம் மெதுவாகப் போகும், கால் மெதுவாகப் போகும், மணி சரியாக ஒரே குரலில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே சுற்றுவோம். அதற்குப் பிறகுதான் அடவு பிறக்கும். ஐந்து நிமிடம் என்றால் நடையில் கால்வாசிகூட வராது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை விழா. மேடைக்குப் பின்னால் நாங்கள் வேட்டியை வரிந்து கட்டி, இடுப்பில் துண்டு சுற்றி, தலைப்பாகை வைத்து, மணி கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆட்டத்துக்கு மேலே எதுவும் போடுவதில்லை, வெற்றுடம்பு. சபாபதி வந்தார். முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, இப்புடியேவா மேடைக்கு வருவீங்க? பாரின்காரர் குடும்பத்தோட வந்திருக்காருங்க. அதுவுமில்லாம இது பனியன் ஊருங்க. பனியன் ஊரு மேடையில ஒம்பது பேரு பனியன் இல்லாம நின்னா என்ன நெனைப்பாங்க?"

 அவர் ஆளை அனுப்பி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே புத்தம்புது டி-சர்ட்டுகள். நீல நிறம். நெஞ்சு முழுக்க ஒரு நாய்ப் படம். நாய் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ இங்கிலீஷ். அளவு அந்த ஊர் ஆட்களுக்கானது. எங்களில் இரண்டு பேர் ஒன்றுக்குள் குடியிருக்கலாம்.

"சாமி ஆட்டமுங்க இது. நாயப் போட்டுக்கிட்டு எப்புடீங்க ஆடறது?" என்றார் செல்லமுத்து.

"பைரவருன்னு நெனச்சுக்கங்க" என்றார் சபாபதி. சொல்லிவிட்டு, பையரை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

நெஞ்சில் பைரவரோடு ஒன்பது பேரும் காத்திருந்தோம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பேசினார்கள். பேசியவர்களைப் பாராட்டிப் பேசினார்கள். கம்பெனி ஆபீஸ் பெண்கள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். கடைசியில் எங்கள் பேர் வந்தது. ஐந்து நிமிடம் என்று ஒருவர் விரல் காட்டினார்.

முன்வரிசையில் பையர் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், சிவந்த முகம். பக்கத்தில் அவருக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல தினேஷ் என்ற பையன், கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் என்பது அவன் வாய் திறந்தால் தெரியும்.

நடை ஆரம்பித்தோம். முதல் சுற்று முடியவில்லை, பையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் சுற்றில் எழுந்து நின்றார். செல்லமுத்து அதைப் பார்த்துவிட்டார். மேளத்தின் குரல் மாறியது. பையர் நாற்காலியை விட்டு, படியேறி, நேராக மேடைக்கே வந்துவிட்டார். அரங்கமே கைதட்டியது. மைக் பிடித்திருந்தவர், "இதோ, நமது வெளிநாட்டு விருந்தினர் கிராமியக் கலைஞர்களைக் கௌரவிக்க மேடைக்கே வந்துவிட்டார்" என்றார்.

வந்தவர் நேராக என்னிடம் வந்தார். முன்னால் நிற்பவன் நான் அல்லவா. தோளைப் பிடித்து நிறுத்தினார். என் நெஞ்சையே பார்த்தார். நானும் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடத்தில் ஆட்டத்தின் நடுவில் நான் ஒரு மனிதன் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல். கண் கலங்கியிருந்தது போல எனக்குப் பட்டது. சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்துப் புரட்டித் தையலைத் தடவினார். துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, கழுத்துப் பக்கத்தை வெளியே இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். வெளிநாட்டில் கலைஞர்களை இப்படித்தான் மதிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மேளக்காரரைத் தொடவே யோசிப்பார்கள். இந்த மனிதர் சட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கிறார்.

பிறகு கேமரா போனை எடுத்தார். ஒவ்வொருவராக நெஞ்சைப் படம் பிடித்தார். முகம் படத்தில் வரவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. செல்லமுத்து மேளத்தைக் கீழே வைத்துவிட்டு, மீசையை ஒதுக்கி, வயிற்றை உள்ளிழுத்து, நாய் சுருங்காமல் நின்றார். "மாப்ள, முடிஞ்சுதுங்க. நம்மளப் புடிச்சுட்டாரு" என்று பல் அசையாமல் சொன்னார்.

இதற்குள் சபாபதி பொன்னாடைகளோடு மேடைக்கு ஓடிவந்து, பையர் கையில் திணித்தார். பையர் பொன்னாடையைப் பார்த்தார், சபாபதியைப் பார்த்தார், ஏதோ கத்தினார். மைக்கில் இருந்தவர், "மகிழ்ச்சியில் உணர்ச்சிவசப்படுகிறார்" என்றார். இன்னொரு கைதட்டல்.

தினேஷ் முகத்தில் மட்டும் ரத்தமில்லை. எங்களைப் பின்பக்கம் கூட்டிவந்தான்.

"அண்ணாச்சி, எல்லாரும் சட்டையக் கழட்டிருங்க. சீக்கிரம்."

"ஏனுங்க தம்பி? வேற சட்டை தர்றாங்களா?"

"என்னத்தச் சொல்ல. இந்த டிசைன் அவரு கடைக்கே இன்னும் போவல அண்ணாச்சி. அடுத்த சீசனுக்கு உள்ளது. வெளிய ஒருத்தரும் பாக்கப்படாதுன்னு எழுதி வாங்கியிருக்காரு. ஆர்டருக்கு மேல தச்ச பீச எங்க ஆளுக எடுத்து ஒங்களுக்குக் குடுத்துட்டாங்க. இப்ப மொத்த ஆர்டரையும் கேன்சல் பண்ணுதேன்னு நிக்காரு."

ஒவ்வொருவராகக் கழற்றினோம். ஒரு ஆள் ஒவ்வொரு சட்டையாக எண்ணி அட்டைப்பெட்டியில் போட்டான். முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அசிங்கமாக இருந்த எங்கள் வெற்றுடம்பு, இப்போது அவசர அவசியமாகிவிட்டது. செல்லமுத்து கடைசியாகக் கழற்றினார்.

"அது கெடக்குதுங்க தம்பி. எங்க ஆட்டத்தப் பத்தி என்னங்க சொன்னாரு?"

தினேஷ் அவரை ஒரு மாதிரி பார்த்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. அந்தப் பையனுக்கு அது வரவில்லை.

"ஆட்டத்த அவரு பாக்கலியே அண்ணாச்சி."

*

எங்களைக் கொண்டுபோய் விட வேண்டிய வண்டி, பையரைச் சமாதானப்படுத்தப் போன கார்களுக்குப் பின்னால் போய்விட்டது. அதில் எங்கள் துணிப்பைகளும் இருந்தன. மேல்துண்டுகூட அதற்குள்தான். நடு மதியம், திருப்பூரில், இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல் ஒன்பது பேர் மேளத்தோடு பின்கேட்டில் நின்றோம். ஊரே பனியன் தைக்கிறது. எங்களுக்கு ஒன்று கிடைக்கவில்லை.

தினேஷுக்கு மனசு கேட்கவில்லை. வண்டி திரும்பும் வரை தன் ரூமில் இருக்கலாம் என்று கூட்டிப்போனான். நடுவில் முற்றம் போல ஒரு வாசல், சுற்றிலும் இருபது இருபத்தைந்து அறைகள் வரிசையாக. லைன் வீடு என்கிறார்கள். பாதி அறைகளில் தெற்கத்திக்காரர்கள், பாதியில் பீகார்ப் பையன்கள். ஞாயிறு என்பதால் எல்லோரும் இருந்தார்கள். ஒருவன் துணி துவைத்தான், ஒருவன் முடி வெட்டிக்கொண்டான், ஒருவன் ஸ்டவ்வில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எல்லாம் நின்றது.

ரொட்டி சுட்டவன் பேர் முன்னா. அவன் கேட்டதைத் தினேஷ் தமிழில் சொன்னான்: "யாரு செத்துட்டாங்கன்னு கேக்கான்."

யாரும் சாகவில்லை, கலை விழாவுக்கு வந்தோம் என்று சொல்லச் சொன்னோம். முன்னா இன்னும் கொஞ்சம் மாவு பிசைந்தான். ஆளுக்கு இரண்டு ரொட்டி, உருளைக்கிழங்கு, ஒரு பச்சை மிளகாய், ஒரு துண்டு வெங்காயம். நாலு நாளில் எங்களைச் சங்கு ஊதி எழுப்பாத சாப்பாடு அதுதான்.

சாப்பிட்டுக்கொண்டே செல்லமுத்து திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். புரை ஏறும் வரை சிரித்தார். கொடியைக் காட்டினார். துவைத்துக் காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நீல நிற டி-சர்ட். கறுப்புக் கண்ணாடி போட்ட நாய் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. தள்ளி இன்னொன்று. முடி வெட்டிக்கொண்டிருந்தவன் உடம்பில் ஒன்று, சாயம்கூடக் கொஞ்சம் போய்விட்டிருந்தது.

"இது எங்க வாங்குனதுன்னு கேளுங்க தம்பி."

"ரோட்டோரத்துல, குவிச்சுப் போட்டுத்தான் அண்ணாச்சி. ரெண்டு மாசமா விக்காங்களாம்" என்றான் தினேஷ். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் யாரும் பார்க்கக்கூடாத அந்த நாயைத் திருப்பூரில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். பார்க்காதது பையரின் ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

முன்னா மேளத்தருகே வந்து குந்தினான். தோலில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு தினேஷிடம் ஏதோ சொன்னான்.

"அவுக ஊருலயும் மேளம் அடிப்பாகளாம். இவுக அடிச்சா எப்படி இருக்கும்னு கேக்கான். எவ்வளவு நேரம் ஆவும்னும் கேக்கான்."

"ரெண்டு மணி நேரம் ஆகுமுங்கன்னு சொல்லுங்க" என்றார் செல்லமுத்து, வம்புக்கு.

தினேஷ் சொன்னான். முன்னா தோளைக் குலுக்கிவிட்டுச் சொன்ன பதிலையும் மாற்றிச் சொன்னான்: "இன்னிக்கு லீவுதானேங்கான்."

செல்லமுத்து ரொட்டியை முழுங்கிவிட்டுக் கையைத் துடைத்தார்.

நடையில் ஆரம்பித்தோம். யாரும் விரல் காட்டவில்லை. பையன்கள் சுவரோரம் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார்கள். பனியன் கம்பெனியில் ஒரே தையலை நாளெல்லாம் தைப்பவர்களுக்குப் பொறுமை இருக்கும் போல. மணி ஆடுகிறவர்கள் எல்லோர் காலிலும் ஒரே குரலில் விழ ஆரம்பித்தது. அடவு பிறந்தது. ஒரு சுற்றில் நான் திரும்பும்போது முன்னாவின் முகம் எதிரே வந்தது. அவனுக்கு என் அப்பனைத் தெரியாது. நான் தண்ணீர் கட்டுகிற தோப்பைத் தெரியாது. அடுத்து இன்னொரு முகம், அதற்கும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்கப் பார்க்கக் கால் தானாகத் தூக்கியது. தெற்கத்திப் பெண்கள் அறை வாசல்களில் வந்து நின்றார்கள். பீகார்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர் எங்களுக்குப் பின்னால் இன்னொரு வட்டம் போட்டுத் தப்புத் தப்பாக ஆடினார்கள். வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் இறங்கும்போது நிறுத்தினோம். எனக்குக் கால் வலிக்கவில்லை. கழுத்து வலித்தது. நிமிர்ந்தே ஆடிப் பழக்கமில்லை.

*

திங்கட்கிழமை பைகள் கிடைத்தன. ஊர் வந்து சேர்ந்தோம். விழாவில் சிறந்த குழுவுக்கான கோப்பையைச் சபாபதியின் அண்ணன் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடக் குழு வாங்கியதாகப் பேப்பரில் பார்த்தோம். வெளிநாட்டுக்கு எந்தக் குழுவும் போகவில்லை. ஆனால் அந்த விழாவால் யாருமே வெளிநாடு போகவில்லை என்று சொன்னால் அது பொய். ஒருவர் போனார். பையரிடம் மன்னிப்புக் கேட்பதற்காகச் சபாபதி அடுத்த வாரமே விமானம் ஏறினார் என்று தினேஷ் போனில் சொன்னான். நல்ல மரியாதையாம். அந்த ஊர்த் தெருக்களையெல்லாம் சுற்றிப் பார்த்தாராம்.

செல்லமுத்து மார்கழி முழுக்க ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் வாய்க்காலுக்குப் போனார். யாராவது கேட்டால், பாஸ்போர்ட் பத்து வருசத்துக்கு இருக்குதுங்க என்பார்.

போன வாரம் மளிகைக் கடைப் போனுக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்தால் இந்தி. பயந்துபோய்க் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கும் புரியவில்லை. அப்புறம் தினேஷ் குரல் வந்தது. லைன் வீட்டில் ஹோலி கொண்டாடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமையாம், லீவு போட வேண்டியதில்லையாம். எங்கள் குழு வர வேண்டும் என்று முன்னா பிடிவாதமாக இருக்கிறானாம். ரொட்டி உண்டு, தங்க அவர்கள் அறையிலேயே இடம் உண்டு, நேரக் கட்டுப்பாடு இல்லை.

"சட்ட போடணுமான்னு கேளுங்க தம்பி" என்றேன்.

எதிர்ப்பக்கம் இந்தியில் பேசிக்கொள்வது கேட்டது. பிறகு பெரிய சிரிப்பு.

"போட்டுட்டு வந்தா கலர்ப்பொடி வீசி நாசம் பண்ணிருவோம்ங்கான். வெறும் ஒடம்போட வரச் சொல்லுதான் அண்ணாச்சி."

இத்தனை பேர் பேசி, இத்தனை பொன்னாடை மடித்து வைத்த ஊரிலிருந்து எங்கள் ஆட்டத்துக்கு வந்த ஒரே அழைப்பு இந்தியில் வந்தது. வருகிறோம் என்று நானே சொன்னேன். செல்லமுத்துவைக்கூடக் கேட்கவில்லை. கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கடையில் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

மணிகளைப் புளி போட்டுத் துலக்கி, வெயிலில் காயவைத்திருக்கிறேன். சாயங்காலம் பஸ். அதற்கு முன்னால் இதைச் சிவாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

கணியூர்,
3.3.2007, சனிக்கிழமை.